ஆறு கோப்பைகளும் பன்னிரண்டு வருஷமும்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், என்ன தேதி, என்ன கிழமை, கூட இருந்தது யார் என்று கேட்டே அவர்கள் வாயை அடைத்துவிடுகிறவன் நான். தென்காசி ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரங்களை நகல் எழுதுவதும் கைரேகை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் என் உத்தியோகம். தேதி இல்லாத காகிதம் எங்களுக்குக் காகிதமே இல்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, சாரல் தொடங்கிய நாள், பசு கன்று போட்ட நாள், பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் பேச்சை நிறுத்திய நாள் என்று எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறவனாகிவிட்டேன். அப்படிப்பட்டவன் இதைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன்.

நடந்தது யுவ வருஷம், அதாவது 1935, ஆடி மாதம். அதற்கு முன்னால் என் தங்கை கோமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோமதியை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை சுப்பையா நன்றாகப் படம் வரைவான், நன்றாகச் சண்டையும் போடுவான். கல்யாணமான மறுவருஷம், 1921இல், தகப்பனாரோடு ஏதோ வாக்குவாதம் முற்றி, தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஜப்பானுக்குப் போய்விட்டான். யோகஹாமா என்ற ஊரில் வடநாட்டுப் பட்டு வியாபாரிகளின் கடையில் கணக்கு எழுதும் வேலை. ஒழுங்காகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தான். 1923 செப்டம்பரில் அங்கே பூகம்பம் வந்தது, பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள், ஊரே இடிந்து, மிச்சம் எரிந்தும் போயிற்று. அதன் பிறகு கடிதம் இல்லை. கடைக்காரர்களிடமிருந்து, உங்கள் பையனைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்று நாலு வரி வந்ததோடு சரி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போனவனைப் பற்றிப் பன்னிரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லையென்றால், தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, தகனம் பண்ணி, கருமாதியை முடித்துவிடுவார்கள். அன்றோடு மனைவிக்குத் தாலி போய்விடும். அதுவரைக்கும் அவள் சுமங்கலிதான், மஞ்சள் பூசலாம், பூ வைக்கலாம். அந்த 1935 ஆவணியோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. சுப்பையாவின் தம்பி ஆறுமுகம் நாளும் குறித்துவிட்டான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். "அண்ணன் கதி கெடைக்காம அலையுதானே அண்ணாச்சி, எத்தனை நாளைக்கு விட்டு வைக்க?" என்று என்னிடமே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் பங்குனியில் கோமதியின் மாமனார் காலமானார். கடைசி நாளில், "பரண்ல இருக்க பெட்டி மூத்த மருமவளுக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பூகம்பத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு வருஷம் கழித்து ஜப்பானிலிருந்து வந்த மரப்பெட்டி அது. கோமதி அப்போது எங்கள் வீட்டில் காய்ச்சலாகக் கிடந்ததால் அவளுக்குத் தெரியாது. செத்துப்போன மகனுடைய சாமானைக் கடைக்காரன் திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று கிழவர் நினைத்துக்கொண்டார். திறக்க மனம் இல்லை, எறியவும் மனம் இல்லை, பரணில் ஏற்றிவிட்டார். விலாசம் எழுதின துணியையெல்லாம் கரையான் தின்றுவிட்டது.

பதினாறாம் நாள் கழிந்ததும் கோமதி பெட்டியைத் திறந்திருக்கிறாள். உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ஆறு பீங்கான் கோப்பைகள், அவற்றுக்கான தட்டுகள், மூக்கு வைத்த குடுவை ஒன்று. பீங்கான் எங்கள் வீடுகளில் அடுப்பங்கரைக்குள் வராது, ஊறுகாய் ஜாடி ஒன்றுதான் விதிவிலக்கு. இருந்தாலும் புருஷன் தொட்ட சாமான் என்று அவளுக்கு ஆசை. எனக்குச் சொல்லி அனுப்பினாள். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். பழைய பீங்கானைப் பற்றி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் படித்திருந்தேன், அந்தப் பெருமையும் கொஞ்சம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

போய்ப் பார்த்தால் கோப்பையின் விளிம்பில் தங்க முலாம் அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. பூ இருந்த இடத்தில் வெறும் காம்பு.

"ஏட்டி, எதை வச்சுத் தேய்ச்ச?"

"புளியும் செங்கப்பொடியுந்தான். தீட்டு வீட்டுச் சாமான்லா, புளிபோட்டுத் துலக்காம எப்படி எடுக்க? மூணு நாளா ஊறப் போட்டு, தேங்கா நார வச்சு ஒரே இழுப்பு. பித்தளை மாதிரி மினுங்கும்னு பாத்தேன், இருந்த மினுக்கமும் போயிட்டு."

"அடியில எழுத்து ஏதும் இருந்துச்சா?"

"அடியை யாருண்ணே பாத்தா?"

தீபாவளிக்கு அண்டாவைத் துலக்குவதைப் போல ஜப்பான் கோப்பையைத் துலக்கியிருக்கிறாள். எங்கள் ஊரில் எந்தப் பெண்பிள்ளையும் அதைத்தான் செய்திருப்பாள்.

ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே விட்ட என் விரலின் நிழல் வெளியே தெரிந்தது, ஆக உயர்ந்த பீங்கான். சுண்டினால் மணி மாதிரி ஓசை. பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக இல்லை, ஆகையால் அச்சுப் படம் அல்ல, கையால் வரைந்தது. ஆறு கோப்பையிலும் மலை, அருவி, மரம் என்று ஒரே காட்சிதான், ஆனால் ஒன்றில் மரத்துக்கு மூன்று கிளை, இன்னொன்றில் நான்கு. நீல நிறம் கண்ணாடிப் பூச்சுக்குக் கீழே இருப்பதால் புளி அதை ஒன்றும் செய்யவில்லை. சிவப்பும் தங்கமும் மேலே தீட்டுவது, அவைதான் போய்விட்டன. வெளிநாட்டுக்கு விற்கச் செய்தவற்றின் அடியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போடுவார்கள், இவற்றில் அது இல்லை. அப்படியானால் அந்த ஊர்க்காரர்களுக்கென்றே செய்தது, அல்லது யாரோ ஒருவருக்காகத் தனியாகச் செய்தது. அந்த மாதிரிச் சாமானின் அடியில் சில சமயம் வருஷத்தையும் ஊரையும் சிவப்பு மையால் எழுதுவது உண்டு என்று புத்தகத்தில் படித்ததை, யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"வருஷமா?" என்றாள் கோமதி.

"ஆமா. பூகம்பத்துக்கு முந்தின வருஷம்னா ஆறுமுகம் சொல்லுதது சரி, மாப்பிளயோட பழைய சாமான். பிந்தின வருஷம்னா..."

முடிக்கவில்லை. அவளே முடித்துக்கொண்டாள். கோப்பையைத் திருப்பி, தேய்த்துத் தேய்த்து வெள்ளையான அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ நானே தேய்ச்சு அழிச்சுட்டனாண்ணே?"

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

ஆடி பிறந்தது. குற்றாலத்தில் நல்ல சாரல். ஒரு புதன்கிழமை கோமதி வந்து, "ஒரு தடவை அருவியில குளிச்சுட்டு வந்துருவோம்ணே. மஞ்சள் தேய்ச்சுக் குளிக்குதது இனிமே உண்டோ இல்லையோ" என்றாள். லீவு எழுதிப் போட்டுவிட்டு வண்டி பிடித்தேன். பட்டப்பகல், பதினொரு மணி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இருட்டில் என்னத்தையோ பார்த்து மிரண்டான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

குளித்து முடித்து, ஈரத் தலையோடு, நெற்றியில் பெரிய பொட்டோடு அவள் பாறையோரம் வந்தாள். பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள்.

"இதை எதுக்குட்டி இங்க தூக்கிட்டு வந்த?"

"பாருங்க. இந்தப் படமும் இதுவும் ஒண்ணுதான? இது நம்ம குத்தாலம்லா?"

"ஜப்பான்லயும் மலை இருக்கு, அருவி இருக்கு. உனக்கு எல்லாம் குத்தாலம்."

"புஸ்தகத்தை எல்லாம் மூடி வச்சுட்டுக் கண்ணால பாருங்கண்ணே. அங்கன பாருங்க, தண்ணி நேராவா விழுது? பாதியில பள்ளத்துல விழுந்து, பொங்கி, பெறகுலா கீழ வருது. இதுலயும் அப்படித்தான இருக்கு?"

பார்த்தேன். பொங்குமாங்கடல் என்று நாம் சொல்லும் அந்த நடுப்பள்ளம், அதிலிருந்து துள்ளி வெளியே வரும் தண்ணீர், இடது பக்கம் துருத்திய பாறை எல்லாம் இருந்தது. இத்தனை மாதமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த எனக்குத் தெரியவில்லை. இதை எந்த ஜப்பான்காரனும் வரைந்திருக்க முடியாது. ஆனால் மறு நிமிஷமே எனக்கு ஆபீஸ் புத்தி வந்துவிட்டது. சுப்பையா வரைந்தது என்பது நிச்சயம், எப்போது வரைந்தான் என்பதல்லவா கேள்வி? பூகம்பத்துக்கு முன்னால் பொழுதுபோக்காக வரைந்திருக்கலாம் என்று ஆறுமுகம் சொல்ல மாட்டானா?

பழக்க தோஷம், கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். அருவித் திவலை காற்றில் பறந்து வந்து அதன் மேல் படிந்தது. இனி நான் சொல்வதைத்தான் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த வெள்ளை அடியில், ஈரம் பட்ட இடத்தில், சிவப்பாக ஒரு கோடு வந்தது. பிறகு அதைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. யாரோ நிதானமாக எழுதுவதைப் போல இரண்டு வரிசை எழுத்து மேலிருந்து கீழாக நிறைந்தது. கோமதி எட்டிப் பார்த்தாள், பார்த்தவள் ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எழுதுங்கண்ணே. போயிரும், சீக்கிரம் எழுதுங்க."

மடியில் இருந்த நாட்குறிப்பை எடுத்து, காப்பியிங் பென்சிலால், கோட்டுக்குக் கோடு எண்ணி அப்படியே வரைந்தேன். எட்டு எழுத்து. நனைந்த தாளில் பென்சில் ஊதாவாகக் கசிந்தது, ஆனாலும் உருவம் கெடவில்லை. முடித்துவிட்டுக் கல்மண்டபத்துக்கு வந்து கோப்பையைத் துடைத்துப் பார்த்தேன், வெள்ளை. மறுபடி நனைத்தேன், வெள்ளை. மற்ற ஐந்தையும் வீட்டில் வைத்து நனைத்துப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர், சிற்றாற்றுத் தண்ணீர், ஒரு செம்பில் அருவித் தண்ணீர்கூடக் கொண்டுவந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அழிந்த வர்ணத்தின் தடம் ஈரத்தில், ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில், ஒரு நொடி தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எனக்கு ரொம்பவும் வசதியாக இருந்தது.

கல்கத்தாவில் எனக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஜப்பானியப் பல் வைத்தியர் ஒருவர் அங்கே உண்டு. மெல்லிய தாளை வைத்து அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பினேன். ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பதில் வந்தது. முதல் வரிசை, தைஷோ பதின்மூன்றாம் ஆண்டு, இலையுதிர் காலம். இரண்டாவது வரிசை, செத்தோ ஊரில். தைஷோ என்பது அவர்கள் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கணக்கு, பதின்மூன்று என்றால் 1924. செத்தோ என்பது பீங்கானுக்கே பேர்போன ஊர்.

பூகம்பத்துக்கு ஒரு வருஷம் கழித்து!

கடிதத்தை எடுத்துக்கொண்டு கோமதியின் புகுந்த வீட்டுக்கு ஓடினேன். ஆறுமுகத்தோடு கருமம் செய்து வைக்கும் ஐயரும் சாமான் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். ஆறுமுகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோப்பையைக் கையில் வாங்கிக் கவிழ்த்தான்.

"எங்க அண்ணாச்சி எழுத்து?"

"இப்போ இல்லை."

"தண்ணி தெளிக்கவா?"

"தெளிச்சாலும் வராது."

"நல்லாருக்கு வே கதை! வராத எழுத்த ரெண்டு பேரு பாத்திய. ஒருத்தி அவன் பொஞ்சாதி, இன்னொருத்தர் அவ அண்ணன். உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு பத்திரம் கொண்டாந்தா பதிவீயளா?"

பதிய மாட்டேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குள் உள்ளேயிருந்து கோமதி வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கொழுந்தன் எதிரே நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். புல்லை எரிச்ச பெறகு உங்க அண்ணன் வாசல்ல வந்து நின்னா, அவுகளை யாருன்னு சொல்லி உள்ள கூப்புடுவிய?"

ஆறுமுகம் கோப்பையைக் கீழே வைத்தான். ஐயர் பட்டியலை மடித்தார். "கணக்குல சந்தேகம் வந்துட்டா கர்மம் பண்ணப்படாது ஓய். இருபத்துநாலுன்னா இன்னும் ஒரு வருஷம் இருக்கு. உயிரோட இருக்கறவனுக்குப் பண்ணினா அந்தப் பாவத்தை யார் சுமக்கறது? நானா, நீரா?" என்றார். ஆறுமுகம் "ஒரு வருஷம்தான்" என்றான்.

அந்த ஒரு வருஷத்துக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். செத்தோ ஊர்த் தபால் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, கல்கத்தாப் பல் வைத்தியரைக் கொண்டு ஜப்பான் பாஷையிலும் எழுதவைத்து அனுப்பினேன். உங்கள் ஊரில் இந்தியர் யாராவது பீங்கானில் படம் வரைகிறாரா, இவ்வளவுதான். ஐப்பசி போயிற்று, தை போயிற்று. கோமதி தினமும் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் கோலத்துக்கு இன்னொரு இழை சேர்த்துக்கொண்டிருப்பாள். மாசி மாதம் பதில் வந்தது. உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அவள் பிரிக்கக்கூட இல்லை, உறையோடு நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

சுப்பையா மறுவருஷம் ஆனியில் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினான். தலை பாதி நரைத்திருந்தது. இடது கை மணிக்கட்டோடு இல்லை. பூகம்பத்தில் உத்தரம் விழுந்து நசுங்கியதாம், கோபே என்ற துறைமுக ஊர் ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்த செத்தோக்காரர் ஒருவர் தன் ஊருக்கு அழைத்துப்போய்ப் படம் வரையும் வேலை வாங்கிக்கொடுத்தாராம்.

"ஊனப்பட்ட கையோட கடுதாசி எழுதக் கூசிச்சு அத்தான். குத்தாலத்தை வரைஞ்சு அனுப்பினா அவளுக்குப் புரியும், வான்னு ஒரு வரி வரும்னு பாத்தேன். வரல. வேண்டாம்னுட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

"பெட்டியைத் தொறக்கவே பத்து வருஷமாச்சு. நல்ல ஆளு நீங்க, கோப்பை அனுப்புதவுக ரெண்டு எழுத்தும் சேத்து அனுப்பினா என்ன கொறஞ்சா போவும்?" என்று கோமதி ஒரே போடாகப் போட்டாள். பிளாட்பாரத்தில் எல்லாரும் சிரித்தோம். ஆறுமுகம்தான் சிரித்துக்கொண்டே அழுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, கோப்பை அடியில் வருஷத்தை எழுதினாயே, அதுதான் மாப்பிளே உன்னைக் கொண்டுவந்து சேர்த்தது என்றேன்.

"அடியிலயா? நான் ஒண்ணும் எழுதலையே அத்தான். அப்போ அவங்க எழுத்துல ஒண்ணு ரெண்டுகூட எனக்கு எழுத வராது."

"வேற யாரும் எழுதியிருப்பாங்க."

"யாரு எழுத? ஆறையும் சூளையிலேருந்து எடுத்து வைக்கோல் சுத்தினது நான்தான். அடி வெறும் வெள்ளை."

நாட்குறிப்பை எடுத்துவந்து பக்கத்தைக் காட்டினேன். எழுத்துகளை வாசித்துத் தலையாட்டினான். பிறகு தாளின் மூலையைக் காட்டி, "இந்தச் செவப்பு ரேகை யாருது?" என்றான்.

ஊதா எழுத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு பெருவிரல் ரேகை. எங்கள் ஆபீஸில் எடுப்பதைப் போலச் சுத்தமாக விழுந்திருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனையோ தடவை திறந்திருக்கிறேன். முன்பே இருந்ததா என்று கேட்டால், தேதி தவறாமல் எழுதுகிற நான், என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. என் விரலோடு ஒப்பிட்டேன், இல்லை. கோமதியுடையதும் இல்லை. ரேகை ஒப்பிடுவது எனக்கு இருபது வருஷத் தொழில், அதில் தவற மாட்டேன்.

மறுநாள் ஆபீஸில் 1921ஆம் வருஷத்து ரேகைப் புத்தகத்தை எடுத்தேன். கப்பல் ஏறுவதற்கு முன் சுப்பையா தன் பங்கு நிலத்துக்குத் தகப்பனார் பேரில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தான். கையெழுத்துக்குப் பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை. நடுவில் சுழி, அதைக் குறுக்கே வெட்டிய பழைய அரிவாள் தழும்பு. என் நாட்குறிப்பில் இருப்பதும் அதே சுழி, அதே தழும்பு. குற்றாலத்தில் நான் அதை எழுதியபோது அந்த விரல் யோகஹாமாவின் சாம்பலுக்குள் போய்ப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது.

இதை அவனிடமும் சொல்லவில்லை, கோமதியிடமும் சொல்லவில்லை. அவர்களுக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள். தங்க விளிம்பு போன அந்தக் கோப்பைகளில்தான் வீட்டில் எல்லாரும் காப்பி குடிக்கிறார்கள், எனக்கும் அதில்தான் கிடைக்கிறது. நாட்குறிப்பு என் பெட்டியில் இருக்கிறது. காப்பியிங் பென்சிலால் எழுதியதெல்லாம் மங்கிக்கொண்டே வருகிறது. ரேகை மட்டும் மங்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எதிர்ப்பக்கத்தில் மை ஒற்றும் தாளை மாற்றி வைக்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அதில் கொஞ்சம் சிவப்பு புதிதாக ஒட்டியிருக்கிறது.